ஏழு ஜாப் கார்டும் ஓர் எர்த் பட்டையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் இதழில் முழுப் பக்கத்துக்குச் சின்ன கார் விளம்பரங்கள் வருகின்றன. வாங்கப்போகிறவர்கள் என் கதையையும் கேட்டுக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் ஏழு லட்சம் போட்டு ஒரு சின்ன கார் எடுத்தேன். மூன்றாம் மாதமே ஒரு காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. 'டிக் டிக்' சத்தம் மட்டும். பிறகு, கொட்டும் மழையில் இறக்கிய கண்ணாடி ஏற மறுத்தது. சென்ட்ரல் லாக் தானாக விழுந்தது. பேத்தியும் உள்ளே, சாவியும் உள்ளே. கிளட்ச் வேறு கல்லாக இறுகும். பேட்டரியை ஒரு தடவை, கிளட்ச் கேபிளை இரண்டு தடவை மாற்றினார்கள். ஏழு தடவை சர்வீஸ் சென்டருக்கு நடந்தேன். அங்கே போனதும் வண்டி பரம சாது. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "எரர் எதுவும் காட்டலை சார்" என்பார்கள். புகாரையும் பார்த்த வேலையையும் எழுதித் தரும் ஜாப் கார்டுகளில், நான்கில் 'நோ பிராப்ளம் ஃபவுண்ட்' என்ற ஒரே வரிதான்.

வாரன்டி முடிந்த பிறகு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்து, "இப்போ சாவியைத் திருப்புங்க சார்" என்றார். அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாத இடத்தில் மீட்டர் இரண்டைத் தாண்டியது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை, அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, கழற்றிக் காட்டினார். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட். அதைச் சுரண்டாமலே முடுக்கியிருக்கிறார்கள். எர்த் சரியாகக் கிடைக்காததால், செல்ஃப் மோட்டார் இழுக்கிற அவ்வளவு கரன்ட்டும் கிளட்ச் கேபிளின் இரும்புக் கம்பி வழியாகத் திரும்பி, கேபிளின் உள்ளுறையை உருக்கியிருக்கிறது. பேட்டரிக்கும் சார்ஜ் ஒழுங்காக ஏறவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முடுக்கி, புதுக் கேபிளும் போட்டுக் கொடுத்தார். எர்த் வேலைக்குக் கூலி 300 ரூபாய். மின்வாரியத்தில் முப்பது வருடம் லூஸ் கனெக்‌ஷன் தேடியவன் நான். சொந்த வண்டிக்குள் தேடத் தோன்றவில்லையே!

பெயின்ட்டைவிட எனக்கு எரிச்சல் அந்த ஜாப் கார்டின் மேல்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஏழு லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். ஆனால் குறை தயாரிப்பிலேயே இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். கையில் இருக்கும் கார்டோ 'குறையே இல்லை' என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஒரே மாடல் வண்டிகளில் ஆபத்தான குறை இருந்து, பலர் புகார் கொடுத்தால் திரும்ப அழைக்கச் சொல்கிறது. ஒற்றை ஆளுக்கு அதனால் என்ன பயன்? சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் லா' இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. இங்கே அப்படி ஒரு சட்டம் வரட்டும். அதுவரை, ஒரே புகார் மூன்றாம் தடவை வந்தால், எதை எதைச் சோதித்தார்கள், மீட்டர் என்ன காட்டியது என்று கார்டில் எழுதுவதையாவது கட்டாயமாக்கலாம்.

முதல் இரண்டு கேபிள்களையும் சர்வீஸ் சென்டரே வைத்துக்கொண்டது. உருகிய மூன்றாவது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
திண்டுக்கல்.