பழைய ஃப்ரெஞ்சு பிரிண்ட்டுக்கு லேபிள் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மியூசியத்துலயும் நூலகத்துலயும் பழைய செப்புத்தகடு பிரிண்ட்டுகளுக்கு லேபிளும் கேட்டலாகும் எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

லூயிஸ் மாக்தலேன் ஒர்த்மெல்னு ஒருத்தங்க, 1686ல பாரிஸ்ல பொறந்து 1767ல இறந்தவங்க, மை தடவி பேப்பர்ல அச்செடுக்குறதுக்காக செப்புத்தகட்டுல படம் செதுக்குறதுதான் அவங்க வேலை. அப்பா புத்தகக்கடைக்காரர். அக்கா தங்கச்சிங்களும் உளி புடிச்சவங்கதான். ஆனா இவங்களைத் தேடுனா எனக்கு மொதல்ல வந்து நின்னது "கொஷேனோட மனைவி", "கொஷேனோட அம்மா". புருஷன், மகன் ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஷார்ல் நிக்கோலா கொஷேன், ரெண்டு பேருமே பெரிய செதுக்குக் கலைஞர்கள், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஆனா அந்த மகனுக்கு வீட்டுலதான் தொழில் கத்துக் குடுத்தாங்க, அப்பா மட்டும் இல்ல, அம்மாவும்தான். அதை ஏன் யாரும் எழுத மாட்டேங்கிறீங்க?

இவங்க செஞ்சதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது போர் ருவாயால் தெ ஷான் மடத்துப் படங்கள். பாரிஸுக்கு வெளிய இருந்த கன்னியர் மடம், ஜான்செனிஸ்ட் கொள்கையை (ராஜாவும் போப்பும் எதிர்த்த ஒரு கண்டிப்பான கத்தோலிக்கக் கொள்கை) விட மாட்டோம்னு நின்னவங்க. 1709 அக்டோபர்ல பதினாலாம் லூயி ராஜா போலீஸை அனுப்பி மிச்சம் இருந்த கன்னியர்களை வெளியேத்துனார், அடுத்த வருஷம் கட்டடத்தை இடிக்க உத்தரவு போட்டார், கல்லறையைக்கூட விடாம தோண்டி எலும்பையெல்லாம் வேற ஊருக்குக் கொண்டு போனாங்க. இன்னிக்கு அந்த இடத்துல மடம் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துல அவங்க எப்படி உக்காந்தாங்க, ஏழைங்களுக்கு எப்படி குடுத்தாங்க, எறந்துபோன ஒரு கன்னியரை எப்படி அடக்கம் பண்ணாங்கன்னு நாம கண்ணால பாக்க முடியுதுன்னா அது இந்தப் பொண்ணு செதுக்குன தகடுகளாலதான். அப்ப அவங்களுக்கு இருபது இருபத்தஞ்சு வயசு இருக்கும். ராஜாவே அழிக்க நெனச்ச எடத்தை செம்புல எழுதி வைக்கிறதுன்னா சும்மாவா!

அந்த வேலை எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சாதான் நான் ஏன் இவ்ளோ பேசுறேன்னு புரியும். பேப்பர்ல வலது பக்கம் வரவேண்டியதை தகட்டுல இடது பக்கம் செதுக்கணும். உளியை உள்ளங்கைல வெச்சுத் தள்ளணும், வளைவு வந்தா கைய விட தகட்டைத்தான் திருப்புவாங்க. கோடு தப்பிருச்சுன்னா அந்த எடத்தை சுரண்டி, தகட்டோட பின்பக்கம் சுத்தியால தட்டி மேடாக்கி, தேச்சு வழவழப்பாக்கி மறுபடி செதுக்கணும், ரொம்ப நேரம் போயிரும். அதையே பல பத்து வருஷம், கொய்ப்பேல் மாதிரி ஓவியர்கள் வரைஞ்ச படங்களைத் தகட்டுல ஏத்துறதுக்கும் செஞ்சாங்க. புருஷனை 1731ல ராஜாவோட ஓவிய, சிற்ப அகாடமில சேத்துக்கிட்டாங்க, இவங்க பேரு அந்த உறுப்பினர் லிஸ்ட்லயே இல்ல.

அந்தக் காலத்துப் பழக்கம் ஒண்ணு உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். பிரிண்ட்டோட கீழ இடது ஓரத்துல வரைஞ்சவர் பேரு, வலது ஓரத்துல செதுக்குனவர் பேரு. 300 வருஷத்துக்கு முன்னாடி கடைக்காரனே ரெண்டு பேரையும் போட்டு வித்திருக்கான். இப்ப லேபிள்ல ஓவியர் பேரு மட்டும் பெருசா வருது.

அதனால அடுத்த தடவை லேபிள் எழுதும்போது அந்த வலது ஓரத்தை ஒரு நிமிஷம் பாருங்க. ஒர்த்மெல்னு இருந்தா அதை மொத வரிலேயே போடுங்க. யாரு மனைவி யாரு அம்மாங்கிறது அதுக்குக் கீழ வரட்டும்.