தூரமா, பாப்பா?

பாப்பா,

நேற்று ராத்திரி இந்தோனேசியாவிலிருந்து பேசிவிட்டு நீ போனை வைத்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இதையெல்லாம் போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உங்கம்மா பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கதைக்குப் போய்விடுவாள், அதனால் காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போனால் அடுத்த ரயிலில் படித்துக்கொள்.

"ஒரே நாளில் பதினோரு பேர்ப்பா, கல்யாணம் ஆச்சான்னு" என்று கத்தினாய். எண்ணி வைத்திருக்கிறாய் பார், அதுதான் எனக்குச் சிரிப்பு. வயது என்ன, தனியாகவா வந்தாய், என்ன மதம், எவ்வளவு சம்பளம். மும்பை செம்பூரில் நம் பில்டிங் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் கேட்டு முடிக்கிற அதே கேள்விகள். இங்கே சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிடுவாய். அங்கே யாரென்றே தெரியாத ஆள் கேட்கும்போது சுருக்கென்று இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது.

தூக்கத்தைக் கெடுத்தது அந்த ரயில் அம்மாள்தான். ஜோக்ஜகார்த்தாவின் லெம்புயாங்கன் ஸ்டேஷனில் ஏறியிருக்கிறாய், எதிரெதிர் சீட், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற எகானமி வண்டி. அவர் வயது கேட்டார், சொன்னாய். கல்யாணம் கேட்டார், "நோ" என்றாய், அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மதியூன் வரும்வரை தூங்குகிற மாதிரி நடிப்பு. கண்ணைத் திறந்தால் அவர் இறங்கிப் போயிருக்கிறார், உன் பக்கத்து ஜன்னலோரத்தில் வாழை இலைப் பொட்டலம் ஒன்று. "சாப்பிடவே முடியலப்பா, ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாய் இல்லையா.

அது லெம்பர். தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஒட்டுகிற அரிசி, நடுவில் பிய்த்துப் போட்ட கோழி. கப்பலில் இந்தோனேசியப் பசங்கள் இருந்த நாட்களில் நானே செய்து கொடுத்திருக்கிறேன், இலைக்குப் பதில் அலுமினியம் ஃபாயிலில் சுற்றி. ஒருவனும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நீ சாப்பிட்டிருக்கலாம், பாப்பா.

அந்த அம்மாள் வயது கேட்டாரே, அது உன் ஜாதகம் பார்க்க இல்லை. ஜாவாக்காரர்களுக்குப் பேச்சிலேயே படிகள் உண்டு, பெரியவரிடம் பேசுகிற ஜாவானிய மொழி வேறு, சமவயதுக்காரனிடம் பேசுவது வேறு, கூப்பிடுகிற சொல்லும் வயதை வைத்துத்தான். உன்னை ம்பாக் என்று கூப்பிடுவார்கள், அக்கா மாதிரி. அவரை நீ 'பு' என்று கூப்பிட்டிருக்கலாம், அம்மா என்றுதான் அர்த்தம். நாம் மட்டும் என்ன, முதல் வாக்கியத்திலேயே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டிய கூட்டம்தானே? நாம் தலை நரையைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம், அவர்கள் வாய் விட்டே கேட்டுவிடுகிறார்கள். கொரியாவிலும் இப்படித்தான், பூசானில் கப்பல் நின்றால் ஏறி வருகிற ஆட்கள் பெயருக்கு அடுத்தபடி வயதைத்தான் கேட்பார்கள்.

கல்யாணக் கேள்விக்கு வருகிறேன். 1991ல் எனக்கு 26 வயது, ஸ்டூவர்டாகச் சேர்ந்த முதல் காண்டிராக்ட், சுராபாயாவின் தஞ்சுங் பேராக் துறைமுகம். கரை இறங்குவதற்கான ஷோர் பாஸ் வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே காபியை வடிகட்ட மாட்டார்கள், டம்ளரில் பாதி தூள் மண்டிக் கிடக்கும், முதல் மடக்கிலேயே வாயெல்லாம் மண். கடைக்காரப் பாட்டி "சுதா காவின்?" என்றார். பக்கத்தில் இருந்த கிரேன்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறாராம். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்றை எடுத்து "திடாக்" என்றேன், இல்லை என்று. பாட்டியின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. ஏதோ சாமியாராகப் போகிறவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. கிரேன்காரர்தான் என் தொடையில் தட்டி, "திடாக் இல்லை தம்பி, பெலும், பெலும்" என்றார். பெலும் என்றால் இன்னும் இல்லை. நான் பெலும் என்றதும் கடை முழுக்கச் சிரிப்பு, தட்டில் கேட்காமலே இன்னொரு வாழைக்காய் பஜ்ஜி விழுந்தது.

நம் ஊரில் யாராவது கேட்டால் "இன்னும் ஆகலை" என்றுதானே சொல்கிறோம், "இல்லை" என்று மொட்டையாகச் சொன்னால் எதிராளி முகம் மாறாதா? அதே கணக்குதான். பிள்ளை எத்தனை என்று கேட்டாலும் பெலும், பாலி பார்த்தாயா என்றாலும் பெலும்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பெலும் என்றால் ஒருநாள் ஆகும் என்று ஒத்துக்கொள்வதுபோல் ஆகாதா, எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லாவிட்டால்? நியாயம்தான். வீட்டில் இதைப் பற்றி நாம் பேசியது பேசியதுதான், நான் மறுபடி கிளறவில்லை. ஆனால் மதியூனில் இறங்கப்போகிற அம்மாளுக்கு உன் கொள்கை எதற்கு? அவருக்கு வேண்டியது பேச்சில் ஒரு பிடி. பெலும் என்று கொடுத்துவிட்டு, உடனே "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், பு?" என்று நீ கேட்டுவிட வேண்டும். அப்புறம் போட்டோ வெளியே வரும், பேரன் சைக்கிள் ஓட்டுகிற வீடியோ வரும், மதியூன் வரைக்கும் உன் பக்கம் ஒரு கேள்வி வராது.

எங்கே போகிறாய் என்று கேட்பதும் எரிச்சலாக இருக்கிறது என்றாய். தூத்துக்குடியில் உன் ஆச்சி இருந்தபோது, படி இறங்குகிறவரை யாராவது "எங்கே" என்று கேட்டால் அவ்வளவுதான், போகிற காரியம் விளங்காது என்று திட்டு விழும். "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு "இங்கனதான்" என்று பதில். கேட்டவருக்கும் விவரம் தேவையில்லை, சொன்னவரும் எதுவும் சொல்லவில்லை. அங்கே "மௌ கெ மானா?" என்று கேட்பது இந்தத் தூரமாதான் பாப்பா, "ஜாலான் ஜாலான்" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டு, சும்மா நடக்கிறேன் என்று அர்த்தம். எங்கள் பிலிப்பினோ போசன், டெக் ஆட்களுக்குத் தலைவர், ஒருவர் டெக்கில் யார் எங்கே போகிறாய் என்றாலும் "தியான் லாங்" என்பார், அங்கேதான் என்று. எந்த அங்கே என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

மதம் கேட்டால் பதறாதே. அவர்கள் அடையாள அட்டையிலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, பெயர், ஊர் மாதிரி அதுவும் ஒன்று. இந்தியா என்றதும் இந்துவா என்பார்கள், கத்தோலிக்கம் என்றால் அவர்களுக்கு ஆச்சரியம், பனிமய மாதா கோவில் தேர் போட்டோ போனில் இருந்தால் காட்டு, நல்ல பேச்சு. விவாதம் மாதிரிப் போனால் மட்டும் சிரித்துவிட்டு ஷாருக் கானுக்குத் தாவிவிடு. மும்பை என்றாலே அவர் வீடு பக்கத்திலா என்றுதான் அடுத்த கேள்வி வரும், பாந்திராவில் அந்த கேட்டு வாசலில் நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று யாரையும் பார்க்காமல் திரும்பியதைச் சொல், காசு கொடுத்தாலும் கிடைக்காத கதை.

சம்பளத்துக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான், "சமையல்காரனுக்கு என்ன, மிஞ்சின சோறு." நீ மும்பை வாடகையைச் சொல்லிப் புலம்பு. வாடகைப் புலம்பல் எல்லா நாட்டிலும் செல்லும்.

ஹாஸ்டலில் யாரோ பொய் மோதிரம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் என்றாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. புருஷன் எங்கே, என்ன வேலை, ஏன் தனியாக விட்டான், பிள்ளை இல்லையா, ஏன் இல்லை. ஒன்றுக்குத் தப்பிக்கப் போய் அஞ்சு.

ஆனால் பொய் சொல்ல வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல். பைக் டாக்ஸிக்காரரோ, பஸ் ஸ்டாண்டில் கூடவே நடந்து வருகிறவரோ "தனியாகவா, எந்த ஹோட்டல், எத்தனை நாள்" என்று வரிசையாகக் கேட்டால், தோழி காத்திருக்கிறாள், லேட்டாகிவிட்டது, அவ்வளவுதான். ஹோட்டல் பெயர் வேண்டாம், ஏரியா பெயர் போதும். ரிசப்ஷனில் ரூம் நம்பரை உரக்கச் சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்று கேள். அம்மாக்கள் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உனக்கே தெரியும், மும்பை லோக்கலில் வளர்ந்தவள். தப்பாகப் பட்டால் மரியாதையெல்லாம் பார்க்காதே, எழுந்து வேறு இடத்தில் உட்கார். இமிக்ரேஷன் கவுண்டரில் மட்டும் உள்ளதை உள்ளபடி, கேட்டதற்கு மட்டும். அந்த 30 நாள் விசாவுக்கு 5 லட்சம் ரூபியா என்று நீ மெசேஜ் போட்டதும் உங்கம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டது தனிக்கதை.

உங்கம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. 1992ல் எங்களுக்குக் கல்யாணம், நீ பிறக்க நாலு வருஷம் ஆனது, அதில் முக்கால்வாசி நாள் நான் கடலில். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் தினம் ஒரு பெண்மணி "குட் நியூஸ் இல்லையா?" என்று கேட்பாராம். வாரக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உங்கம்மா தன் உடைந்த ஹிந்தியில், "புருஷன் கப்பலில் இருக்கிறான், பிள்ளை என்ன தபாலிலா வரும்?" என்று கேட்டிருக்கிறாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு. அடுத்த நாளிலிருந்து அதே பெண்மணிதான் நகர்ந்து உட்கார்ந்து, மூணு பேர் பெஞ்சில் அவளுக்கு நாலாவது சீட் கொடுத்தாராம். இது உங்கம்மாவுக்குத்தான் வரும், எனக்கு வராது. லீவில் வந்து பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே "எப்போ வந்தே, எப்போ திரும்பப் போறே" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள், முப்பது வருஷம் பல்லைக் கடித்தேனே தவிர ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை.

கேட்கிற பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் சமையலறைக்கு கேலி என்று பெயர், பேருக்கேற்ற இடம், யாரையும் விட மாட்டோம். சாப்பாட்டறை எடுபிடிக்குப் புதிதாக வந்த மெஸ்மேன் ஒருவன் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன், சும்மாதான். கையில் இருந்த வெங்காயத்தை முழுசாக உரித்து, கழுவி, தட்டில் வைத்தான். "ரெண்டு சார்" என்றான். அடுத்ததை எடுத்துத் தோலை நகத்தால் கீறிக்கொண்டே, "இப்போ ஒண்ணு" என்றான். போன காண்டிராக்டில், நடுக்கடலில் இருக்கும்போது சேதி வந்ததாம். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிலிருந்து புது ஆள் வந்தால் எந்த ஊர், காரம் சாப்பிடுவாயா, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். மற்றதை அவர்களாகச் சொன்னால் உண்டு.

சரி, அடுத்த ரயிலில் ஏறும்போது கடலை மிட்டாயோ முறுக்கோ ஏதாவது கையில் வைத்துக்கொள், எதிரில் இருப்பவருக்கு நீ முதலில் நீட்டு. லெம்பர் கொடுத்தால் அங்கேயே பிரித்துச் சாப்பிடு. அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வா, எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

இப்போது பால் வாங்கப் போய்விட்டு வந்தேன். லிஃப்ட்டில் கீழ்வீட்டுக்காரர், "பொண்ணுக்கு ஏதாவது முடிவாச்சா?" என்றார். "பெலும்" என்றேன். அது ஏதோ மாப்பிள்ளை ஊர் என்று நினைத்துக்கொண்டார் போல, "நல்லது, நல்லது" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறார். சாயங்காலத்துக்குள் பில்டிங் முழுக்கப் பரவிவிடும், உங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா