மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கான குறிப்புகள் பத்திரிகைகளில் 'ஏழாம் மாதத்தில்', 'எட்டாம் மாதத்தில்' என்றே வருகின்றன. இனி வாரக் கணக்கில் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 28 வாரம், அதாவது 196 நாள் நிறைந்ததும் கர்ப்பத்தின் மூன்றாவது பருவம் தொடங்குகிறது. நான்கு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் அன்று ஏழு மாதம் முடிகிறது. காலண்டரைப் பார்த்தால் ஆறரை மாதம்தான் ஆகியிருக்கும். 'ஏழு முடிந்தது' என்று சொல்லும் பெண் 28 வாரத்திலும் இருக்கலாம், முப்பதைத் தாண்டியும் இருக்கலாம். இந்த இரண்டு வார இடைவெளியில் தவறிப்போகும் காரியங்கள் உண்டு.

தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் போன்றவை) என்றால், குழந்தையின் ரத்த அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று சோதித்து, உருவாகவில்லை என்றால் அதைத் தடுக்க 28-ஆம் வாரத்தையொட்டி ஆன்டி-டி ஊசி போடுவது வழக்கம். கடைசி மாதங்களில் குழந்தையின் ரத்தம் துளித்துளியாகத் தாயின் ரத்தத்தில் கலக்கலாம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. குழந்தையின் ரத்தம் ஆர்.எச். பாசிட்டிவாக இருந்து தாயின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டால், பெரும்பாலும் பாதிக்கப்படுவது அடுத்த குழந்தை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைச் சோதனைக்கும் 24 முதல் 28 வாரம் வரைதான் உரிய காலம். ரத்தச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) வெறும் வயிற்றில் 92, குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவுதான். சோதனையைத் தவறவிட்டவர்கள் தாமதமானாலும் செய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எடுக்கும் ஸ்கேனைப் பார்த்து 'பிரசவ தேதி மாறிவிட்டது' என்று பலர் குழம்புகிறார்கள். தேதி மாறுவதில்லை. முதல் மூன்று மாத ஸ்கேனில் உறுதியான தேதியே கடைசி வரை செல்லும். பிந்தைய ஸ்கேன் காட்டுவது குழந்தையின் வளர்ச்சியை மட்டுமே. தலை மேலே இருக்கிறது என்றும் 28 வாரத்தில் கவலைப்பட வேண்டாம். நாலைந்தில் ஒரு குழந்தை அப்போது அப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை பிரசவத்துக்குள் தானாகவே திரும்பிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் குழந்தையின் அசைவு. 'பிரசவம் நெருங்க நெருங்க இடம் போதாமல் அசைவு குறையும்' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். இது தவறு, ஆபத்தான தவறு. உதைப்பது புரள்வதாகவும் நெளிவதாகவும் மாறலாம். அசைவு குறையக் கூடாது. குழந்தை வழக்கமாகத் துறுதுறுப்பாக இருக்கும் வேளையில் ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பாருங்கள். உதை, புரளல், நெளிவு எல்லாம் கணக்கு. விக்கல் கணக்கில் வராது. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் எண்ணிக்கையைவிட உங்கள் குழந்தையின் வழக்கம்தான் சரியான அளவுகோல். பத்து வந்த பிறகும் 'இன்று ஏதோ மாதிரி இருக்கிறது' என்று தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவானாலும். குளிர்ந்த நீரையும் இனிப்பையும் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியையும் நம்ப வேண்டாம். தாயின் நாடித்துடிப்பையே அது குழந்தையின் துடிப்பாகக் காட்டலாம். தளர்ந்துபோன குழந்தைக்கும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

28 வாரத்திலிருந்து தூங்கப் போகும்போது ஒருக்களித்தே படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் முதுகுப் பக்கமுள்ள பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். இடப்பக்கம்தான் என்றில்லை, வலப்பக்கமும் சரியே. நடு இரவில் விழித்தால் மல்லாந்து கிடக்கிறோமே என்று பதற வேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும்.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஏறவில்லை என்பவர்களில் பலர் அதைக் கால்சியம் மாத்திரையோடோ, பால், டீ, காபியோடோ சேர்த்து விழுங்குகிறார்கள். இவை இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான்; அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கால் வீக்கம் பலருக்கும் வரும். முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தாலோ உடனே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். 140/90 என்பது எச்சரிக்கைக் கோடு. தடிப்பு இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், முக்கியமாக இரவில், அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம். களிம்பு பூசிக் காலம் கடத்தாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வயிறு அவ்வப்போது இறுகி, ஓய்வெடுத்தால் தளர்ந்தால் அது பொய்வலி. 37 வாரத்துக்கு முன்பே சீரான இடைவெளியில் இறுகினாலும், நீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும் கிளம்பிவிடுங்கள். குறைமாதப் பிரசவமாகும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதன் பலன் முழுமையாகக் கிடைக்க ஒரு நாளாவது பிடிக்கும். வலி முற்றிய பிறகு வந்தால் அந்த ஒரு நாள் கிடைக்காது. வந்ததும் முதல் கேள்வி 'எத்தனை வாரம்?' என்பதுதான். 'எட்டாவது மாதம்' என்ற பதிலை வைத்துக்கொண்டு ஊசி பற்றி முடிவெடுக்க முடியாது. '30 வாரம் 4 நாள்' என்றால் எடுக்கலாம். உறுதியான பிரசவ தேதியைக் கர்ப்பகால அட்டையின் மேலுறையில் பெரிதாக எழுதி வைத்தால், உடன் வருபவரும் இதைச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
மகப்பேறு பிரிவுச் செவிலியர்கள்