பின்னால் இருப்பவர்களுக்கும் அந்தப் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மே 9ஆம் திகதி மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் வீழ்ந்தபோது உயிரிழந்த அறுவரில் நால்வர் இராணுவத்தின் விசேட படையணியினர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில், டித்வா புயல் நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த மற்றொரு பெல் 212 லுணுவிலவில் ஜின் ஓயாவில் வீழ்ந்து, அதன் விமானி உயிரிழந்தார். இவற்றின் காரணங்களை ஆராயும் தகுதி எனக்கில்லை. இரண்டும் தண்ணீரில் முடிந்தன என்பதே, நீரில் வீழ்ந்த ஹெலிகொப்டரிலிருந்து வெளியேறும் பயிற்சி விமானிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் வேண்டும் என்று இக்கடிதத்தை எழுத வைத்தது.

ஹெலிகொப்டரின் இயந்திரங்களும் பற்சக்கரப் பெட்டியும் கூரைக்கு மேலே இருப்பதால், தண்ணீரில் விழுந்ததும் அது பெரும்பாலும் தலைகீழாகப் புரண்டுவிடும். இருக்கைப் பட்டியில் தலைகீழாகத் தொங்குபவருக்கு, மூக்கில் நீர் ஏற ஏற, மேல் எது, கீழ் எது என்பதே தெரியாமற்போகும். நீந்தத் தெரிந்திருப்பது மட்டும் அங்கே போதாது. ஒரு கையால் சன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, புரளல் நிற்கும்வரை பொறுத்து, வழியைத் திறந்த பின்னரே பட்டியைக் கழற்ற வேண்டும். உயிர்காப்பு அங்கியை வெளியே வருமுன் ஊதவிட்டால், அதுவே ஆளை உள்ளே சிறைப்படுத்திவிடும். இவற்றைப் படித்து அறிந்தால் போதாது, உடம்பு பழக வேண்டும். வடகடலின் எண்ணெய் மேடைகளுக்குப் பறக்கும் சாதாரண தொழிலாளர்கள்கூட, நீர்த்தொட்டியில் இறக்கிப் புரட்டப்படும் கூண்டில் சுழியோடிகளின் காவலுடன் இதைப் பழகிய பின்னரே ஏற்றப்படுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பழகுகிறார்கள். நம் நாட்டிலும் விமானிகளுக்கு அப்பால், அடிக்கடி ஏற்றிச் செல்லப்படும் படையினருக்கும் அனர்த்த நிவாரண அலுவலர்களுக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும்.

அதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. சீனன்குடாவில் விமானப்படைக் கலாசாலை இருக்கிறது. கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமும் இங்கேயே இருக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்த மாதங்களில் உட்துறைமுகம் குளம்போலக் கிடக்கும்.

கடற்றொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன். ஆழ்கடலில் தத்தளிப்பவரைத் தூக்க மேலிருந்து கம்பிவடம் இறங்கும்போது, ஆவலில் எட்டிப் பிடிப்பவருக்கு நிலைமின்சாரம் தாக்கும். வடம் முதலில் தண்ணீரைத் தொட வேண்டும். தூக்கும் பட்டி அக்குளுக்குக் கீழே இறுகியதும் கைகளை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் நழுவிவிடுவோம். திருக்கடலூரிலும் மூதூரிலும் கடலுக்குப் போகும் எத்தனை பேருக்கு இதை யாரேனும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? விமானக் குழுவினர் கடலில் பயிற்சி பெறும் நாட்களில் மீனவர் சங்கங்களிலிருந்து சிலரையும் அழைத்துக் காட்டலாம். அந்நாட்களையும் கடற்பரப்பையும் முன்கூட்டியே தமிழில் அறிவித்தால், வலை விரிப்பவர்களும் விலகியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.