வேட்டை மாளிகைக்கு எதற்குப் பேய்க்கதை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்லியில் ரிட்ஜ் எனப்படும் குன்றுக் காட்டுக்குள் இருக்கும் பழைய வேட்டை மாளிகையான மால்ச்சா மகாலை அண்மையில் பார்த்தேன். பாதை நெடுக நமக்குப் பழக்கமான சீமைக்கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்து மரம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே நட்டது. 14-ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் வேட்டைக்கு வந்த காட்டில் இதற்கு இடமே இல்லை.

முன்னால் போன இளைஞர்கள் வாயில் துக்ளக் பெயர் வரவில்லை. எல்லாம் பேய்ப் பேச்சு. லக்னோ பகுதியை ஆண்ட அவத் நவாபின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட பேகம் விலாயத், 1985-ல் பிள்ளைகளோடு இங்கே குடியேறினார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. 1993-ல் அவர் இறந்தார், மகன் 2017-ல். அந்த வாரிசுக் கதை உண்மையல்ல என்று 2019-ல் பத்திரிகையில் விரிவாகவே வந்துவிட்டது. நொடித்துப்போன ஒரு குடும்பத்தின் சாவைக் காட்டி, 2023-ல் அரசே கட்டணம் வாங்கிச் சுற்றிக்காட்டும் 'பேய் நடை' தொடங்கியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் என் கண் சுவர்மேலேயே இருந்தது. பூச்சு உதிர்ந்த இடங்களில் செதுக்காத கற்கள், இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் காரை. உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தேன். பொடி அதிகம் ஒட்டவில்லை. கதவு, சன்னல் எதுவும் இல்லாமலே வளைவுகள் நிற்கின்றன. ஆபத்து மேலே இருக்கிறது. தளத்து வெடிப்பில் செடி முளைத்தால் வேர் இறங்கும், வேர் போன வழியில் மழைநீர் இறங்கும். அதை அடைக்கிறேன் என்று சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிப் பழைய காரையைத் தின்றுவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

கதை வேண்டுமென்றால் இதே ரிட்ஜில் நல்ல கதை இருக்கிறது. வடக்குப் பக்கம் இருந்த தன் இன்னொரு வேட்டை மாளிகைக்காக, மீரட்டிலிருந்து அசோகர் தூணையே பெயர்த்துக் கொண்டுவந்தார் ஃபிரோஸ் ஷா. 18-ஆம் நூற்றாண்டு வெடிவிபத்தில் அது துண்டுதுண்டாக உடைந்தது. 1867-ல் ஒட்டி நிறுத்தினார்கள். இன்றும் இந்து ராவ் மருத்துவமனை அருகே நிற்கிறது. நடைக்கு அழைத்துப் போகிறவர்கள் இதைச் சொல்லட்டும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுதோறும் மழைக்கு முன் மேல்தளத்துச் செடிகளை வேரோடு எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்