பொட்டு வச்ச குஞ்சு

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

நீ வாங்கின கோழிக்குஞ்சு போட்டோ வந்துச்சு. எது சேவல், எது பெட்டைன்னு கேட்டிருக்க. ஆறு குஞ்சும் கறுப்பா, தலையில வெள்ளைப் பொட்டோட பாக்க அழகா இருக்கு. வாட்சப்புல ரெண்டு வரி போட்டா மறந்துடுவ, அதான் உக்காந்து எழுதுறேன். பேத்தி அதுக்குள்ள ஆறுக்கும் பொம்பளைப் பேரு வச்சிட்டாளாமே. உங்க பக்கம் சேவல் வளக்கக் கூடாதுன்னு வேற சொல்ற. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.

மாப்பிள்ளை கேட்டாரே, மோதிரத்தை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, அது ஆடுறதை வச்சுச் சேவலா பெட்டையான்னு சொல்றது, அதை விட்டுடச் சொல்லு. கூர் முட்டைன்னா சேவல், உருண்டைன்னா பெட்டைன்னு தோட்டத்து லயத்துல உன் அப்பத்தா சொல்வாங்க. அதை நம்பி கூர் முட்டையா அடை வச்சு, பொரிச்சதுல துறுதுறுன்னு இருந்த ஒண்ணை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டேன். பூசைக்கு ஒரு வாரம் இருக்கையில அது அடுப்பங்கரை மூலையில முட்டை போட்டுச்சு! அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கலை. சேவல் வாங்க பாசாருக்கு ஓடினது நான்தான்.

தோட்டத்துல ஆள் குறைச்சப்புறம் குஞ்சு பொரிக்கிற கம்பெனிக்குப் போனேனே, அங்கதான் எனக்குக் கண் தெளிஞ்சுது. பொரிச்ச அன்னிக்கே இறக்கையை விசிறி மாதிரி விரிச்சுப் பாக்கணும். ரெண்டு வரிசை இறகு இருக்கும். கீழ் வரிசை நீளமா, மேல் வரிசை குட்டையா இருந்தா பெட்டை. ரெண்டும் ஒரே அளவு, இல்லை மேல் வரிசை நீண்டிருந்தா சேவல். ஆனா தாய்க்கு இறகு மெதுவா முளைக்கணும், தகப்பனுக்குச் சீக்கிரம் முளைக்கணும். அப்படி ஜோடி போட்டு எடுத்த குஞ்சுலதான் இது பலிக்கும். நம்ம கம்போங் நாட்டுக்கோழிகிட்ட பலிக்காது.

இன்னொரு வழியை அங்க ஒரு வயசான சீனர் மட்டும்தான் செய்வாரு. குஞ்சோட பின்பக்கத்தைப் பிதுக்கி விரிச்சு, விளக்கு வெளிச்சத்துல பாப்பாரு. ஊசித்தலை அளவு முண்டு இருந்தா சேவல். சில பெட்டைக்கும் லேசா இருக்கும், அதைப் பிரிக்கிறதுலதான் வேலையே. ஜப்பான்ல மசூயி, ஹாஷிமோட்டோன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சு, 1933ல இங்கிலீஷ்ல புத்தகமே போட்டாங்களாம். நீ இதைச் செஞ்சு பாக்காத. கை பழகாதவங்க அமுக்கினா குடல் பிதுங்கி குஞ்சு செத்துடும்.

அங்க பெட்டையெல்லாம் எண்ணி, பெட்டியில அடுக்கி லோரி ஏத்துவாங்க. முட்டைக்கோழி சாதியில சேவல் பொறந்தா முட்டையும் கிடையாது, சதையும் சீக்கிரம் பிடிக்காது. அன்னிக்கே கொன்னுடுவாங்க. முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கலை. ஜெர்மனியில 2022லேர்ந்து அதுக்குத் தடையாம், முட்டைக்குள்ள இருக்கும்போதே பாத்துடுறாங்களாம். மூணாவதும் பொண்ணா நீ பொறந்தப்ப அப்பத்தா ஒரு மாசம் என்கூடப் பேசலை. அவங்களை ஒருநாள் கூட்டிட்டுப் போய் அந்தப் பெட்டிகளைக் காட்டணும்னு நினைப்பேன். பொண்ணா பையனான்னு நம்மள்ல ஆம்பளைகிட்டேர்ந்து வர்றதுதான் தீர்மானிக்குது. கோழியிலதான் அது தாய் கையில. அப்ப எனக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் வாய் திறந்திருப்பேனான்னு சந்தேகம்தான்.

சரி, உன் குஞ்சுக்கு வர்றேன். வித்தவங்ககிட்ட தாய் தகப்பன் என்ன சாதின்னு கேளு. ரெண்டும் உடம்பெல்லாம் வரி வரியா இருக்கிற பிளிமத் ராக்னா, பொட்டைப் பாரு. சின்னதா, ஓரம் தெளிவா இருந்தா பெட்டை, அதுக்குக் காலும் கறுத்திருக்கும். மாவு சிந்தினாப்போல பெருசா கலைஞ்சிருந்தா சேவல். இதுல கொஞ்சம் தப்பலாம். தாய் மட்டும் வரிக்கோழி, தகப்பன் ரோட் ஐலண்ட் சிவப்புன்னு சொன்னாங்கன்னா, பொட்டு வச்சதெல்லாம் சேவல்தான். ஆறுமே!

அப்படியும் குழப்பமா இருந்தா ஆறு வாரம் விடு. சேவலுக்குக் கொண்டை முந்திக்கிட்டுச் சிவக்கும். மூணு மாசத்துல இடுப்புல கூர் இறகு தொங்கும், அதுக்கு மேல யாரையும் கேக்க வேண்டாம்.

ஒவ்வொண்ணா மேல இருந்து படம் பிடிச்சு அனுப்பு, காலும் தெரியணும். தண்ணி டப்பா பக்கத்துல நிக்குதே ஒண்ணு, அதுக்குப் பேத்தி என்ன பேரு வச்சாளோ, அதை மட்டும் இப்பவே மாத்திடச் சொல்லு.

அம்மா