உதடு அசையாத பிள்ளையை வரிசையிலேயே விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய கீதம் பாட மறுக்கும் மாணவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, காலை இறைவணக்கக் கூட்டத்தை நடத்தியவன் நான். அவர் கேட்கும் கட்டாயத்தை நானே ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கீதம் ஒலிக்கும் அந்த 52 விநாடிகள் நான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன். வரிசைகளுக்கு நடுவே நடந்து, யார் உதடு அசைகிறது, யார் உதடு அசையவில்லை என்று பார்ப்பேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நேராக நிற்பாள். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும். ஆனால் பாட மாட்டாள். கேட்டதற்கு, "எங்க நம்பிக்கைப்படி பாடக் கூடாது சார், மரியாதையா நிக்கிறேன் சார்" என்றாள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பீரியட் முழுக்க வெயிலில் நிறுத்தினேன். அழவில்லை. மறுநாளும் பாடவில்லை, மறுபடியும் நிறுத்தினேன்.

ஒரு வாரத்தில் உதடு அசைந்தது. சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று பக்கத்தில் போய்க் கேட்டால், குரலே இல்லை. வெறும் வாயசைப்பு. உள்ளதை உள்ளபடி சொன்ன பிள்ளைக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

கேரளத்தில் 1985-இல் இதே காரணத்துக்காக ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதத்தின்போது எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள், அவ்வளவுதான். விசாரித்தவர்களே அவர்கள் ஒழுங்கான பிள்ளைகள் என்று அறிக்கை கொடுத்த பிறகும் நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையாக எழுந்து நிற்பது அவமதிப்பு ஆகாது என்றது தீர்ப்பு. நான் அந்த மாணவியை வெயிலில் நிறுத்தியது இந்தத் தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் கழித்து. எனக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. அமெரிக்காவிலும், போர் நடந்துகொண்டிருந்த 1943-லேயே, மாணவர்களைக் கொடிவணக்கம் செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அப்படி விட்டால் ஒழுங்கு போய்விடாதா என்று கேட்பார்கள். பாடுவதை வேண்டுமென்றே தடுத்தாலோ, பாடுகிறவர்கள் நடுவே கலாட்டா செய்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தொந்தரவு செய்கிறவன் வேறு, பேசாமல் நிற்கிறவன் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகொரு நாள் பத்தாம் வகுப்பில், கீதத்தில் வரும் இரண்டு மலைகள், இரண்டு ஆறுகள் எவை என்று கேட்டேன். தினமும் உரக்கப் பாடுகிற பையன்கள் முழித்தார்கள். விந்தியமும் இமயமும் யமுனையும் கங்கையும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அன்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. உதடு பார்த்து நடந்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு ஆர்வத்தை நான் கண்டதில்லை.

பணியின் கடைசி ஆண்டுகளில் வரிசைக்குள் நடப்பதை விட்டுவிட்டேன். முன்னால் போய், கொடியைப் பார்த்து நின்று, நானும் பாடினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்